யோசமிட்டி அப்பர் பைன்ஸ் முகாம்: சிறு குழந்தைகளோடு தங்குவோருக்கு ஒரு மதிப்புரை

பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத குழந்தைகளை முதன்முறையாகக் கூடாரத்தில் தங்க வைக்க எந்த இடம் ஏற்றது என்று சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும்போதெல்லாம், நான் தயங்காமல் சொல்வது கலிஃபோர்னியாவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில், யோசமிட்டிப் பள்ளத்தாக்கில் உள்ள அப்பர் பைன்ஸ் முகாமைத்தான். காட்டில் தனிமையைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்த இடம் பிடிக்காது. கூடாரங்கள் நெருக்கமாக இருக்கும். பக்கத்துத் தளத்தில் (கூடாரம் போட ஒதுக்கிய இடத்தில்) இருப்பவர் இரவில் இருமினால் நமக்குக் கேட்கும். மாலையில் அத்தனை நெருப்புக் குழிகளிலிருந்தும் எழும் புகை மரங்களுக்கு இடையே தங்கி நிற்கும். ஆனால் இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடு இரவில் கழிவறைக்குப் போக வேண்டியிருக்கிற பெற்றோருக்கு அந்த நெருக்கமே பெரிய ஆறுதல். கழிவறையும் குழாய்த் தண்ணீரும் நடந்து போகும் தூரத்தில் இருப்பதும், மறந்துபோன பொருளை வாங்கக் கடை அருகிலேயே இருப்பதும்தான் முதல் அனுபவத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. அவை இல்லாத இடத்தில் எத்தனை அழகு இருந்தாலும், குழந்தையோடு போனவர்கள் விடியும் முன்பே கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு வீடு திரும்பத்தான் நினைப்பார்கள்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் பைன், சீடர், ஓக் மரங்களின் நிழலில் இருக்கும் இந்த முகாமில் 230க்கும் மேற்பட்ட தளங்கள் உள்ளன. பள்ளத்தாக்கின் மற்ற பைன்ஸ் முகாம்களான லோயர் பைன்ஸும் நார்த் பைன்ஸும் குளிர்காலத்தில் மூடப்படும்போதும் இது ஆண்டு முழுவதும் இயங்குகிறது. ஒரு தளத்துக்கு ஓர் இரவுக் கட்டணம் 36 டாலர். பூங்காவின் நுழைவுக் கட்டணம் இதில் சேராது. ஒவ்வொரு தளத்திலும் ஒரு மர மேசை, இரும்பு வளையமிட்ட நெருப்புக் குழி, உணவை வைத்துப் பூட்டும் ஓர் இரும்புப் பெட்டகம் ஆகிய மூன்றும் இருக்கும். ஃபிளஷ் கழிவறையும் குடிநீரும் உண்டு. மின் இணைப்பும் குளியலறையும் இல்லை. குளிக்க வேண்டுமானால் பக்கத்திலுள்ள கரி வில்லேஜ் (Curry Village) என்ற விடுதி வளாகத்துக்குப் போக வேண்டும். ஒரு தளத்தில் ஆறு பேர் வரைதான் தங்கலாம், கைக்குழந்தையும் அந்தக் கணக்கில் ஒரு தலைதான். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி என்றால் கணக்கு ஆறோடு சரியாகிவிடுகிறது. நண்பர் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் இரண்டு தளங்களை முன்பதிவு செய்தே ஆக வேண்டும்.

மெர்சிட் ஆற்றங்கரையை ஒட்டிய தளங்கள் லோயர் பைன்ஸிலும் நார்த் பைன்ஸிலும் அதிகம். அவற்றின் படங்களைப் பார்த்துவிட்டு அப்பர் பைன்ஸை இரண்டாம் தேர்வாக நினைப்பவர்கள் பலர். தத்தித் தத்தி நடக்கும் வயதில் குழந்தை உள்ளவர்களுக்கு நான் இதற்கு நேர்மாறாகவே சொல்வேன். மே, ஜூன் மாதங்களில் அந்த ஆற்றில் ஓடுவது மலையுச்சிப் பனி உருகி வரும் நீர். பார்ப்பதற்கு அமைதியாகத் தெரியும் இடத்தில்கூட இழுப்பு வலுவாக இருக்கும். கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றாலே சில நொடிகளில் கால் மரத்துப்போகும். கூடாரத்து வாசலிலிருந்து இருபது அடியில் அப்படியோர் ஆறு ஓடினால், சமைக்கும்போதும் பொருட்களை அடுக்கும்போதும் பெரியவர்களில் ஒருவர் காவலுக்கென்றே உட்கார வேண்டும். அப்பர் பைன்ஸின் பெரும்பாலான தளங்கள் ஆற்றிலிருந்து விலகி இருக்கின்றன. முன்பதிவுப் பக்கத்தில் வரைபடத்தைத் திறந்து, ஆற்றங்கரையை ஒட்டியவற்றை விட்டுவிட்டு, கழிவறைக்கு மூன்று நான்கு தளங்கள் தள்ளி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கழிவறைக்கு நேர் எதிரே எடுத்தால் இரவெல்லாம் கதவுச் சத்தமும் டார்ச் வெளிச்சமும் குழந்தையைத் தூங்க விடாது.

இந்த முகாமில் பெற்றோருக்குக் கூடுதல் வேலை வைப்பது கரடிதான். யோசமிட்டியில் இருப்பவை கருங்கரடிகள். பெயரில் கருமை இருந்தாலும் அவற்றில் பல பழுப்பு நிறத்தில் இருக்கும். அவை பொதுவாக மனிதர்களைத் தேடி வருவதில்லை, உணவின் மணத்தைத் தேடித்தான் வருகின்றன. 1998ஆம் ஆண்டில் மட்டும் இந்தப் பூங்காவில் கரடிகள் வண்டிகளையும் பொருட்களையும் சேதப்படுத்திய நிகழ்வுகள் 1,500ஐத் தாண்டின. இரும்புப் பெட்டகங்களும் கண்டிப்பான விதிகளும் வந்த பிறகு அந்த எண்ணிக்கை மிகப் பெரிய அளவில் குறைந்துவிட்டது. ஆகவே மணக்கும் பொருட்களைப் பெட்டகத்தில் வைக்க வேண்டும் என்ற விதியில் ரேஞ்சர்கள் எனப்படும் பூங்காக் காவலர்கள் தளர்வு காட்டுவதில்லை என்பதைக் குறையாக எண்ணக் கூடாது. மனித உணவின் சுவை கண்டு, வண்டிகளையும் கூடாரங்களையும் தேடி வரப் பழகிவிட்ட கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டிய நிலைமைகூட வருகிறது. நாம் பெட்டகத்தைச் சரியாக மூடுவதில் ஓர் உயிர் அடங்கியிருக்கிறது.

பெரும்பாலான பெட்டகங்கள் 45 அங்குல அகலம், 33 அங்குல ஆழம், 18 அங்குல உயரம் கொண்டவை. கடைக்காரர் பரிந்துரைக்கும் பெரிய ஐஸ் பெட்டியை வாங்கிவிட்டு அது உயரத்தில் அடங்காமல் தவிப்பவர்களை முகாமில் பார்க்கலாம். வீட்டிலேயே அளந்து, 17 அங்குல உயரத்துக்குள் அடங்கும் பெட்டியாக எடுத்துச் செல்லுங்கள். குழந்தை உள்ள வீட்டில் பெட்டகத்துக்குள் போக வேண்டியவற்றின் பட்டியல் நாம் நினைப்பதைவிட நீளம். பால் பவுடரும் பிஸ்கட்டும் மட்டுமல்லாமல் பற்பசை, குழந்தைக்கான சோப்பு, ஷாம்பு, டயாப்பர் களிம்பு, ஈரத்துடைப்பான், சன்ஸ்கிரீன், கொசு விரட்டி, பயன்படுத்திய டயாப்பர் உள்ள குப்பைப் பை, கழுவாத பாத்திரம், வெறுமையாக இருக்கும் ஐஸ் பெட்டி வரை மணக்கும் எதுவும் வெளியே இருக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய்ச் சீசாவையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த பிறகு அதைக் கூடாரத்துக்குள் தலையணை அருகே வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுப்பது கார் சீட். குழந்தைகள் உட்காரும் இருக்கையின் மடிப்புகளில் முறுக்குத் துண்டும் திராட்சையும் பொரியும் எத்தனை மாதங்களாகச் சேர்ந்திருக்கின்றன என்பது அதை வெளியே எடுத்துக் கவிழ்க்கும்போதுதான் தெரியும். இருக்கைகளில் சிந்திய உணவைத் துடைத்தெடுக்கும்படி பூங்கா நிர்வாகமே பெற்றோருக்குத் தனியாக நினைவூட்டுகிறது. இந்த வேலையை முகாமில் இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் செய்வதைவிட, கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டில் துப்புரவு இயந்திரம் கொண்டு செய்துவிட்டு, வழியில் சாப்பிடுவதை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்வது நல்லது. பெட்டகத்தின் தாழ்ப்பாள் சற்றுக் கடினமானது. கதவைச் சாத்திவிட்டால் போதாது, தாழ் முழுவதும் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் மூத்தவள் இந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். பற்பசையை உள்ளே வைத்தபோது அவள் கேட்டாள்: "அப்பா, கரடியும் பல்லு தேய்க்குமா?" அதற்குப் புதினா மணம் பிடிக்கும் என்று சொன்னதும், தன் சட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்த மிட்டாயைத் தானாகவே கொண்டு வந்து உள்ளே வைத்தாள். கட்டளையாகச் சொன்னால் முரண்டு பிடிக்கும் வயதில், காரணம் சொன்னால் குழந்தைகள் எவ்வளவு கருத்தாகக் கேட்டுக்கொள்கிறார்கள் என்பதை அந்தப் பெட்டகத்தின் முன்னால்தான் பார்த்தேன்.

இந்த விதிகளின் காரணமாகவே சமையலையும் சுருக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. எண்ணெயில் பொரிப்பதும் மீன் வறுப்பதும் முகாமில் வேண்டாம். பாத்திரம் கழுவுவது பெரிய வேலையாகிவிடும், வாடையும் நெடுநேரம் போகாது. வீட்டில் காய்ச்சிய புளிக்காய்ச்சலை ஒரு சிறிய டப்பாவில் எடுத்துச் சென்றால், இரட்டை எரிவாயு அடுப்பில் சோறு மட்டும் வடித்துக் கலந்துகொள்ளலாம். வறுத்த ரவை கைவசம் இருந்தால் காலை உணவு பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சிறிய குழந்தைக்குத் தயிர்சோறே போதும், ஆனால் தயிருக்கு ஐஸ் வேண்டும். இரண்டாம் நாள் ஐஸ் வாங்கக் கரி வில்லேஜ் கடைக்குப் போய்வர வேண்டியிருக்கும். மேசையில் தட்டை வைத்துவிட்டு ஒரு நிமிடம் திரும்பினால் போதும், கருமையான கொண்டையுள்ள ஸ்டெல்லர் ஜே பறவை சட்டென்று இறங்கித் தோசைத் துண்டைக் கொத்திக்கொண்டு போய்விடும். தரை அணில்களும் அப்படித்தான். குழந்தைகள் ஆசையாகக் கையில் வைத்து ஊட்ட முயல்வார்கள். அதை விடவே கூடாது. அது சட்டப்படி குற்றம் என்பதோடு, அவை கடிக்கும், அவற்றின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிகள் வழியாக நோயும் பரவக்கூடும்.

கோடையில் காலையிலும் பிற்பகலிலும் நெருப்பு மூட்ட அனுமதி இல்லை; மே முதல் செப்டம்பர் முடிய மாலை 5 மணியிலிருந்து இரவு 10 மணி வரை மட்டுமே மூட்டலாம். பள்ளத்தாக்கில் சுள்ளி பொறுக்கவும் தடை இருப்பதால் விறகைக் கடையில்தான் வாங்க வேண்டும். நெருப்பு எரியும்போது எல்லோரும் குழந்தைமேல் கண்ணாக இருப்பார்கள். மறுநாள் காலையில்தான் எச்சரிக்கை தேவை. மேலே சாம்பல் பூத்து அணைந்துவிட்டதுபோல் தெரியும் கங்கு உள்ளே சூடாகவே இருக்கும். இரும்பு வளையமும் சுடும். படுக்கப் போகும்முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடியும் ஊற்றி, கையை அருகில் கொண்டுபோய் வெப்பம் வருகிறதா என்று பார்த்த பிறகே கூடாரத்துக்குள் போவது பாதுகாப்பு.

கூடாரம் போடுவதற்கு முன் தரையைப் பார்த்துக் கல்லையும் பைன் காய்களையும் ஒதுக்குவது எல்லோரும் செய்வதுதான். அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. 2015 ஆகஸ்டில் இதே முகாமில் ஓக் மரத்தின் கிளை ஒன்று விடியற்காலையில் முறிந்து கூடாரத்தின் மேல் விழுந்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பதின்ம வயதினர் இருவர் உயிரிழந்தனர். ஆகவே தளத்துக்கு வந்ததும் தலைக்கு மேல் காய்ந்த கிளை, பிளந்த கிளை, தொங்கிக்கொண்டிருக்கும் கிளை எதுவும் உள்ளதா என்று பார்த்து, கூடாரத்தைச் சற்றுத் தள்ளிப் போட இடமிருந்தால் தள்ளிப் போடுங்கள். ஐயமாக இருந்தால் ரேஞ்சரிடம் சொல்லுங்கள்.

இரவுக் குளிர் நம்மவர்களை ஏமாற்றிவிடும். ஜூலையில் பகல் வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டிச் செல்லும், பின்னிரவிலோ 50களுக்கு இறங்கிவிடும். மே மாதத்தில் அதற்கும் கீழே போகும். குழந்தைகள் உறக்கப் பையைக் காலால் உதைத்துத் தள்ளிவிடுவார்கள் என்பதால், உறக்கப் பையை மட்டும் நம்பாமல் கால்வரை மூடும் கம்பளி உடையையே போட்டுப் படுக்க வைக்க வேண்டும். குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது. காற்று நிரப்பிய மெத்தையின் உள்ளிருக்கும் காற்றும் குளிர்ந்துவிடுவதால், அதன்மேல் ஒரு தடித்த ஜமக்காளமோ பஞ்சுப் போர்வையோ விரித்தால் வித்தியாசம் உடனே தெரியும். எரிவாயு அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் கதகதப்புக்காகக் கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். அதைப் பெரும்பாலோர் மதிக்கிறார்கள். நம் குழந்தை நடு இரவில் அழுதால் சுற்றியுள்ள இருபது கூடாரங்களுக்கும் கேட்குமே என்ற கூச்சம் பெற்றோருக்கு இருக்கத்தான் செய்யும், ஆனால் அந்தக் கூடாரங்களில் பாதியிலாவது இன்னொரு குழந்தை இருக்கும்.

பகல் பொழுதைக் கழிக்க வண்டியை எடுக்கவே வேண்டாம் என்பது இந்த முகாமின் பெரிய சிறப்பு. பள்ளத்தாக்கைச் சுற்றிவரும் இலவசப் பேருந்து அருகிலேயே நிற்கிறது. ஹேப்பி ஐல்ஸ் நடந்துபோகும் தூரம். அங்கே கோடையில் திறந்திருக்கும் இயற்கை மையத்தில் குழந்தைகள் தொட்டுப் பார்க்கவும் வரையவும் வழியுண்டு. மிரர் லேக் செல்லும் ஒரு மைல் பாதை தார் போட்டது, தள்ளுவண்டி தாராளமாகப் போகும். வசந்தத்தில் அங்கே ஹாஃப் டோம் மலையின் செங்குத்துப் பாறை நீரில் தெரியும். கோடை முடிவில் ஏரி வற்றி மணல்மேடாகிவிடும். ஏமாற்றமென்று பெரியவர்கள் சொல்லலாம், மூன்று வயதுக் குழந்தைக்கோ ஏரியைவிட மணல்தான் பிடிக்கிறது. லோயர் யோசமிட்டி ஃபால் ஒரு மைல் சுற்றுப் பாதையில், அருவியின் திவலை முகத்தில் படும் இடம்வரை தாத்தா பாட்டியும் கிழக்குப் பக்கப் பாதையாகச் சிரமமில்லாமல் வரலாம். அருவியைப் பார்க்க வேண்டுமென்றே போகிறவர்கள் ஆகஸ்டைத் தவிர்க்க வேண்டும். மேல், நடு, கீழ் என மூன்று பகுதிகளும் சேர்ந்து மொத்தம் 739 மீட்டர் உயரமுள்ள யோசமிட்டி அருவி பல ஆண்டுகளில் அப்போது வெறும் பாறையாகத்தான் நிற்கும். மாலையில் ஸ்டோன்மன் புல்வெளியின் மரநடைபாதையில் குழந்தைகளை ஓடவிட்டு ஹாஃப் டோம் சிவந்து மங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். புத்தகத்தில் உள்ள செயல்களைச் செய்துமுடித்தால் சின்னம் வழங்கும் ஜூனியர் ரேஞ்சர் திட்டம், எழுதத் தெரிந்த குழந்தைகளுக்கு இரண்டு நாளும் உற்சாகம் குறையாமல் பார்த்துக்கொள்ளும்.

வளைகுடாப் பகுதியிலிருந்து நான்கு மணி நேரம் என்று வரைபடம் காட்டும். குழந்தையோடு போனால் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120ஆம் நெடுஞ்சாலை தூரத்தில் குறைவாகத் தெரிந்தாலும் பிரீஸ்ட் கிரேடு ஏற்றமும் அதன் பிறகு வரும் வளைவுகளும் பின்னிருக்கையில் இருப்பவர்களுக்குக் குமட்டலைத் தரும். மெர்சிட், மாரிபோசா, எல் போர்ட்டல் வழியாக ஆற்றை ஒட்டிச் செல்லும் 140ஆம் நெடுஞ்சாலை சற்றுச் சுற்று என்றாலும் வளைவு குறைந்தது. வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் நிலையம் கிடையாது, முன்பே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இனி, தளம் கிடைப்பது எப்படி. ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) இணையதளத்தில் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு, நான்கு மாதங்களுக்குப் பின் தொடங்கும் ஒரு மாத காலத்துக்கான முன்பதிவு திறக்கும். ஜனவரி 15 அன்று திறப்பது மே 15 முதல் ஜூன் 14 வரையிலான நாட்கள். கோடை வார இறுதிகள் நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். கணக்கை முன்கூட்டியே தொடங்கி, கட்டண அட்டை விவரத்தைப் பதிந்து, விருப்பமான நான்கைந்து தளங்களின் எண்களைக் கையில் குறித்து வைத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் தனித்தனிக் கருவியில் 7 மணிக்கு முன்பே காத்திருக்க வேண்டும். பள்ளி தொடங்காத குழந்தை மட்டும் உள்ள குடும்பங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகளுக்குப் போட்டி குறைவு; அமெரிக்கத் தொழிலாளர் தினம் (செப்டம்பரின் முதல் திங்கள்) கழிந்த செப்டம்பர் நடுப்பகுதியில் கூட்டம் வடிந்து, பகல் இதமாகி, ஆறும் அடங்கியிருக்கும். அருவியை விட்டுக்கொடுக்க மனமிருந்தால் அந்த நாட்களையே எடுங்கள். அவற்றில் செப்டம்பர் 14 வரையிலான நாட்களுக்கு முன்பதிவு ஏப்ரல் 15 அன்றும், 15 முதலான நாட்களுக்கு மே 15 அன்றும் திறக்கிறது. அன்று கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். ரத்தாகும் தளங்கள் அதே பக்கத்துக்குத் திரும்பி வருகின்றன. பயண நாள் நெருங்கும்போது காலையும் இரவும் ஒருமுறை பார்த்துக்கொண்டே வந்தால், வாரநாளில் ஓரிரவாவது அமைய வாய்ப்பு அதிகம்.